பள்ளிப் பொழுதும் மனைப் பொழுதும்

பள்ளி தொடங்கும் நேரத்தை ஆட்சியார் வகுக்கும் சிற்றொழுங்கு எனக் கருதுவாரே பலர். சிறுவனது பொழுது பள்ளிக்குரியதோ மனைக்குரியதோ என்னும் வினா அதனுள் அடங்கிக் கிடத்தலைத் திருச்சிராப்பள்ளிச் சூழலை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் காலத்தை இருவர்க்கும் கடமையாக்கினார். காலமும் இடமும் நோக்கிக் கற்பித்தல் ஆசிரியர்க்கும், உரிய பொழுதிற் சென்று பயிலுதல் மாணாக்கர்க்கும் உரியன. ஆயின், திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் கடமையே மிக்கு நின்றது. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் பள்ளியில் முதலில் வந்தவன் உள்ளங்கையிற் கலைமகள் பெயரும், இரண்டாமவன் கையிற் சுழியும் எழுதப்பெற்றன என்றும், மூன்றாமவன் மெல்லடி ஒன்று பெற, பின்வந்தார்க்கு அடி ஒவ்வொன்றாய் ஏறிற்று என்றும் பெல்லாரித் தண்டலர் கேம்பல் 1823-இல் எழுதினார். உ. வே. சாமிநாதையரும் 'என் சரித்திர'த்தில் வைகறைப் பள்ளியையும், முந்தி வருவோன் பெற்ற 'வேத்தான்' என்னும் பெயரையும் குறித்துள்ளார். கேம்பல் கணக்கின்படி பத்தாவதாக வந்தவனுக்கு எட்டடி. அவன் மாட்டைக் கட்டிவிட்டு வந்தனனோ என வினவியவர் இலர் போலும்.

1953-இல் இராசாசி அமைச்சு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் மனையின் பக்கம் சாய்ந்தது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரு பிரிவினராய் மாறி மாறி வந்தனர். எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலுக்கு என விடப்பட்டது. உள்ள ஆசிரியரைக்கொண்டே மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கும் நோக்கம் எள்ளற்குரியதன்று. எனினும், தொழில் பிறப்பொடு பிணைந்த நாட்டில் அவ்வெஞ்சிய பொழுது யாது பயக்கும்? 'குலக்கல்வி' எனப் பெரியார் முதலியோர் எதிர்த்தமை இதுபற்றியே.

திட்டம் ஊர்ப்புறப் பள்ளிகட்கே முதலில் வகுக்கப்பட்டது என்பது நம் பகுதிக்குச் சிறப்பாகப் பொருந்துவது. திருச்சிராப்பள்ளியும், அந்நாளில் தனி நகராட்சியாய் இருந்த ஸ்ரீரங்கமும் அதன் எல்லைக்குப் புறம்பாயின. ஆகவே ஸ்ரீரங்கத்துச் சிறுவர்க்கு முழுநாட் கல்வி. கொள்ளிடத்தின் வடகரைச் சிற்றூர்ச் சிறுவர்க்கு அரைநாட் கல்வி. இடையே இருந்தது ஓர் ஆறே.

1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது. எனினும் ஏழை மனை பிள்ளையின் உழைப்பை வேண்டியது பசியால் என்பது எஞ்சி நின்றது. 1956-இல் தொடங்கிய நண்பகல் உணவுத் திட்டம் மணியை மாற்றவில்லை. மனைக்குச் சென்று மீளாதிருந்த பிள்ளையை உச்சிப்பொழுதிற் பள்ளியிலேயே இருத்த முயன்றது.