மலையிடம் கேட்கப்படாத கேள்விகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில் அமைந்தது அக்குறணை. அதனூடே ஓடும் பிங்கா ஓயா மகாவலியிற் சென்று கலக்கின்றது. பெருமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கடைவீதியுட் புகுவது இந்நகரத்தார் பன்முறை கண்ட துயரம். இயற்கையின் சீற்றம் என்று கூறி அமைதல் எளிது. ஆயின், இம்மலைகளின் விதியை யார், எவ்வளவுகோல் கொண்டு தீர்மானித்தனர் என்பதை வரலாற்றிடம் வினவுதல் வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே முதல் வினாப்பட்டியல் எனலாம். காடும் பயிரிடா நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியன என்றது அது. சேனை நிலத்துக்கு உரிமை கோரிய கண்டிக் குடியானவனிடம் கேட்டவை மூன்றே: சன்னசு உண்டா? அரசு வழங்கிய உறுதி உண்டா? வரி கட்டியதற்குச் சான்று உண்டா? சரிவு எத்தகையது, நீரூற்று எங்குள்ளது என்ற கேள்வி ஒன்றேனும் இல்லை. காகிதம் காட்ட இயலாதவன் நிலமிழந்தான். காடு கோப்பித் தோட்டமாயிற்று.

1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் யோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையின் பின், 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. அக்கோட்டுக்குக் கீழே கிடந்த சரிவுகளுக்கோ காவல் இல்லை.

மலையையே வினவும் பட்டியல் 1990களிலேதான் பிறந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாறை, மண்படிவு, சரிவு, நீரோட்டம், நிலப்பயன்பாடு, நிலவடிவு என்னும் ஆறுக்கும் புள்ளியிட்டு மண்சரிவு அபாய வரைபடங்களை வகுத்தது. இன்று கண்டி போன்ற மாவட்டங்களில் வீடு கட்டுவோர் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டியுளது. விஞ்ஞானத்தின் மெய்யான வெற்றி இது.

எனினும், கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன்களை மூடியது. பட்டியல் பொய்க்கவில்லை, எழுந்து செல்லத் தொழிலாளிக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் இல்லாமற் போயிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல்மழை கண்டி மாவட்டத்தையும் மண்சரிவுகளால் உலுக்கியபோது அதே உண்மை மீண்டும் முன்னின்றது.

ஆறு வினாக்களோடு ஏழாவது ஒன்று சேரவேண்டும்: ‘அபாயம் என்றால், இங்கிருப்போர் எந்நிலத்திற் குடியேறுவர்?’ இதற்கு விடையளிக்கவேண்டியவர் புவியியலாளர் அல்லர். 1840இன் காணிகளை மரபுரிமையாகப் பெற்ற அரசே. அவ்விடையைக் கேட்டுப் பெறும் கடமை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உண்டு.