மரப்பாச்சியும் கறுப்புப் பொம்மைகளும்

மரப்பாச்சி: செம்மரத்திலோ கருங்காலியிலோ ஒரே கட்டையாகச் செதுக்கும் தென்னிந்தியப் பொம்மை. பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாகச் சோடியாக இருக்கும். கல்யாணச் சீரோடு பெண்ணுக்குக் கொடுப்பார்கள். நவராத்திரிக் கொலுப்படியில் இதற்கே முதலிடம். செம்மரம் விளையும் சேஷாசல மலைகளின் அடிவாரத்தில் இருப்பதால் திருப்பதிக் கடைத்தெரு இதற்குப் பெயர்பெற்றது.

அழகுப் பொம்மை என்று சொல்ல முடியாது. மூக்கு சிறு மேடு, கண் உளிக்கீறல், கைகள் உடம்போடு ஒட்டியவை, முதுகு தட்டை. மரத்தின் கருஞ்சிவப்பே மேனி நிறம். பல் முளைக்கும் பிள்ளை கடித்தாலும் கெடுதல் இல்லையென்று நம்பிக் கொடுத்தார்கள். வீக்கம் கண்டால் அதே பொம்மையைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவதும் வழக்கம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் பனையிலும் கரிசல் மண்ணிலும் கிடைத்தது: நுங்கு வண்டி, ஓலைக் காற்றாடி, களிமண் சொப்பு. கரிசல் மண்ணில் பிடித்த பொம்மையும் கறுப்புதான்.

அமெரிக்காவில் கறுப்புப் பொம்மை இப்படித் தானாக வரவில்லை. கடைகளில் இருந்தவை பெரும்பாலும் கேலி உருவங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரத்துப் போதகர் ஆர். எச். பாய்ட், கண்ணியமான கறுப்புப் பொம்மைகளை விற்கத் தனி நிறுவனமே நடத்தினார். உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதி கறுப்பினப் பிள்ளைகளிடம் இரு நிறப் பொம்மைகளையும் காட்டியபோது பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த ஆய்வும் இடம்பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினத்தவர் 1968-இல் தொடங்கிய ஷிண்டானா நிறுவனம் ‘பேபி நான்சி’யை வெளியிட்டது. பார்பி என்ற பெயரிலேயே கறுப்புப் பொம்மை வந்தது 1980-இல்தான்.

நம் ஊரில் நிறத்தை முடிவு செய்தது மரமும் மண்ணும். கருமையை விரும்பி யாரும் செதுக்கவில்லை. அதனால்தான் பிளாஸ்டிக் வந்ததும் அது சத்தமில்லாமல் விலகியது. இந்தியச் சந்தைக்கென வந்த பார்பி சேலை கட்டி, பொட்டு வைத்திருந்தாள். நிறம் மட்டும் வெளுப்பு. கறுப்புப் பொம்மை எங்கே என்று கேட்க இங்கே ஒரு பாய்ட் இல்லை. சிவப்பழகுக் களிம்பு 1975 முதலே விற்றுக்கொண்டிருந்த நாட்டில் அதைக் கேட்காதது வியப்பில்லை.

மரப்பாச்சிக்கான செம்மரம் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதை வெட்டவும் விற்கவும் கடும் கட்டுப்பாடு. இப்போது மரப்பாச்சி என்று விற்பவற்றில் வேறு மரத்தில் செய்து செந்நிறச் சாயம் ஏற்றியவையும் உண்டு. கடிக்கிற பிள்ளைக்கு வாங்குவதென்றால் சாயமா, மரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.