பெர்முடா உடன்பாடும் புழு ஆய்வாளர் வழக்கமும்: மரபணுத்தொகைத் தரவுப் பகிர்வின் வரலாறு

1996 பெப்ரவரியில் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத்தொகைத் திட்ட ஆய்வாளர்கள், 1,000 காரங்களுக்கு மேல் நீளமுள்ள வரிசைத் துண்டுகளை இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் பொதுத் தரவுத்தளத்தில் இடுவதென உடன்பட்டனர். அமெரிக்காவில் 1992இல் வகுக்கப்பட்ட நெறி 6 மாத அவகாசம் அளித்திருந்தது. இம்மாற்றத்தைக் காப்புரிமைக்கு எதிரான நடவடிக்கையாக மட்டுமே விளக்குவோர் உளர். அது பாதி உண்மையே.

இதனை முன்னின்று வலியுறுத்திய ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் ‘சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்’ என்னும் சிறு புழுவை ஆராய்ந்தவர்கள். 1980களில் கேம்பிரிட்ஜில் சல்ஸ்டனும் ஆலன் கூல்சனும் உருவாக்கிய புழு மரபணுத்தொகை வரைபடம், முற்றுப்பெறும் முன்னரே பிற ஆய்வகங்களுக்கு வழங்கப்பட்டது. ஒரு மரபணுவைத் தேடியவருக்கு வரைபடம் வழிகாட்டியது. அவர் கண்டறிந்ததோ வரைபடத்தைச் செம்மைப்படுத்தியது. அத்துறையினரிடையே 1975 முதல் உலவிய ‘வொர்ம் பிரீடர்ஸ் கெசட்’ என்னும் செய்திமடல், முடிவுறாத ஆய்வுகளைத் தாங்கி வந்தது. ஆயினும் எழுதியவரின் இசைவின்றி அதிலுள்ளதை எவரும் மேற்கோள் காட்டலாகாது. இக்கட்டுப்பாடே முதன்மையானது என்பது என் துணிபு. தம் உழைப்பைப் பிறர் முந்திக்கொண்டு வெளியிடமாட்டார் என்னும் உறுதி இருந்தமையாலேயே அவர்கள் தயங்காமல் கொடுத்தனர்.

பெர்முடா உடன்பாடு அவ்வழக்கத்தின் வேகத்தை ஏற்றது. இசைவு பெறும் மரபை ஏற்கவில்லை. புழு ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பொதுத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் யாரென்பதையோ எவரும் அறியார். ‘தரவு’ என்னும் சொல் ‘தா’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தந்தவர் எவர் என்பதை அச்சொல்லும் சொல்வதில்லை.

1998இல் களமிறங்கிய செலரா நிறுவனம், தான் திரட்டியவற்றுடன் பொதுத் தரவையும் சேர்த்து மனித வரிசையைத் தொகுத்தது. 2001இல் அதனை வெளியிட்டபோது, ஒப்பந்தமின்றிப் பெறும் கல்விசார் ஆய்வாளருக்கு வாரம் 10 இலட்சம் காரங்கள் என வரம்பு விதித்தது. ஏறத்தாழ 300 கோடி காரங்களை அவ்வாறு பெற்று முடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும்! பொதுத் தரவை இட்டவர்களோ அத்தகைய நிபந்தனை எதையும் விதித்திருக்கவில்லை.

2003 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலில் கூடியவர்கள், விட்டுப்போன பாதியை மீட்க முயன்றனர். தரவு உடனடியாக வெளிவர வேண்டும். முழுத் தொகுதியின் முதல் பகுப்பாய்வை வெளியிடும் வாய்ப்பைத் தரவை உருவாக்கியோருக்குப் பயனர் விட்டுத்தர வேண்டும். நிதி வழங்குவோர்க்கும் இதில் பொறுப்புண்டு. ஆனால் கெசட்டின் இசைவு விதியை முகமறிந்த சிறு குழுவின் நாணம் காத்தது. ஃபோர்ட் லாடர்டேலில் கோரப்பட்ட மதிப்பைக் காக்க, இதழாசிரியர்களின் மனச்சான்றையும் பயனரின் நேர்மையையுமே நம்ப வேண்டியிருந்தது.