நாற்பத்துநாலு வருசம் பிந்திய கலாநிதிப் பட்டம்

ஆராய்ச்சி செய்யிற அக்காமாரிடம் "தீசிஸ் எப்ப முடியும்?" எண்டு கேட்டுப்பாருங்கோ, முகம் மாறிவிடும். கிறிஸ்டின் லாட்டின் கதை வேறமாதிரி. அவர் 1882இலேயே எழுதி முடித்துவிட்டார். பட்டம் கிடைத்தது 1926இல்.

அமெரிக்காவின் வாசார் கல்லூரியில் படித்துவிட்டு, பள்ளிக்கூடங்களில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பிடித்தது பௌதிகம்தான். ஆனால் அந்தக்காலத்து ஆய்வுகூடங்களுக்குள் பெண்களுக்கு இடமில்லை. கணிதத்துக்குக் கடதாசியும் பென்சிலும் போதுமே! லண்டனில் வெளிவந்த 'எடியுகேஷனல் டைம்ஸ்' இதழுக்குக் கணக்குகள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

1878இல் பால்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் கணிதப் பேராசிரியர் ஜே. ஜே. சில்வெஸ்டருக்கு அந்த இதழில் கண்ட பெயர் ஞாபகம் இருந்தது. இவரை எடுக்கத்தான் வேணும் எண்டு நின்றார். சில்வெஸ்டர் யார் தெரியுமா? 1837இல் கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் இரண்டாமிடம் எடுத்தவர். யூதரானபடியால் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது 1872இல்! அதனால்தான் லாட்டுக்காகப் பேசினார் எண்டு அடித்துச் சொல்லமாட்டன். எனக்கு அப்படித்தான் படுகிறது.

முதலில் சில்வெஸ்டரின் வகுப்புக்கு மட்டும் அனுமதி. பிறகு மற்ற வகுப்புகளுக்கும். ஆய்வு மாணவருக்குரிய உதவித்தொகையும் கொடுத்தார்கள், ஆனால் அதோடு வருகிற 'ஃபெலோ' என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. காசு தரலாம், பெயர் வெளியில் தெரியக்கூடாதாம்.

சார்ள்ஸ் பியர்ஸிடம் தர்க்கவியல் படித்து, அதிலேயே ஆய்வேட்டை எழுதினார். பூனையெல்லாம் பால் குடிக்கும். கறுப்பி ஒரு பூனை. கறுப்பி பால் குடிக்காது. இந்த மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்கமுடியாது. எந்த இரண்டை ஏற்றாலும் மூன்றாவது பொய். அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து தனித்தனியாகப் பாடமாக்கிய அனுமான வடிவங்களை எல்லாம் இந்த ஒரே அச்சுக்குள் கொண்டுவரலாம் எண்டு அல்ஜீப்ராவால் காட்டினார். சின்ன வேலையில்லை.

1883இல் பியர்ஸ் தொகுத்த நூலில் அந்த ஆய்வு அச்சானது. 'ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக உறுப்பினர்கள்' எழுதியது என்றுதான் அந்த நூலின் தலைப்பே சொல்கிறது. புத்தகத்தில் உறுப்பினர், பட்டமென்றால் பெண்.

அதே பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் பேபியன் பிராங்ளினை மணந்தார். பிறகு மனிதக்கண் நிறத்தை எப்படிக் காண்கிறது என்ற ஆய்வில் இறங்கி, அதிலும் பெயரெடுத்தார். 1904 முதல் சில வருசம், பட்டம் தராத அதே ஹொப்கின்ஸில் விரிவுரையும் எடுத்தார். 1907இல் பட்டமேற்படிப்புக்குப் பெண்களைச் சேர்க்க அங்கே முடிவெடுத்தார்கள். அப்பவும் இவருடைய பட்டம் வரவில்லை.

1926இல் பல்கலைக்கழகம் தன் 50ஆவது ஆண்டைக் கொண்டாடியபோதுதான் நினைவு வந்தது. லாட்டுக்கு அப்போது 78 வயது. தானே போய் வாங்கினார். அவருக்காக வாதாடிய சில்வெஸ்டர் 1897இலேயே இறந்துவிட்டார். படிப்பித்த பியர்ஸும் அப்போது உயிரோடு இல்லை.