திருமுக்கூடலிலிருந்து பலாலிக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு சின்னக் கணக்கு மக்களே. சென்னையிலேர்ந்து மதுரை கிட்டவா, யாழ்ப்பாணம் கிட்டவா?

மதுரைன்னு சொல்லியிருந்தா நீங்களும் என்னை மாதிரிதான் :-) நேர்கோட்டுல அளந்தா மதுரை சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் சுமார் 355 கி.மீ.தான்.

இந்தக் கணக்கு எனக்குள்ள நுழைஞ்சது 2003-ல். எங்க ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருற இடம். அப்ப தினமும் பஸ் புடிச்சு காஞ்சிபுரம் போய் ஒரு பட்டுச்சேலைக் கடையில வேலை. ஒருநாள் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒண்ணு கூறைச்சேலை எடுக்க வந்தாங்க. சண்டை நிறுத்தம் வந்து ஏ-9 சாலை திறந்திருந்த நேரம். சோதனைச் சாவடிகளைத் தாண்டி பஸ்ஸுல கொழும்பு, அங்கேர்ந்து விமானத்துல சென்னை, அப்புறம் காஞ்சிபுரம். ரெண்டு நாளாச்சாம்.

கூட வந்த பாட்டி சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "என்ர கூறையை எடுக்க அப்பா பலாலியில பிளேன் ஏறித்தான் மெட்ராஸ் வந்தவர் தம்பி. ஒரு மணித்தியாலப் பயணம்."

வயசான காலத்துல ஏதோ சொல்றாங்கன்னு நெனச்சேன். பிற்பாடு தேடிப் படிச்சா, அவங்க சொன்னது சரிதான். ஏர் சிலோன் தன்னோட முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10 அன்னைக்குத் தொடங்கினது கொழும்பு ரத்மலானையிலேர்ந்து. யாழ்ப்பாணத்துல இறங்கி, நேரா மெட்ராஸ். ஓட்டினது டகோட்டா விமானம். மணிக்கு ஏறக்குறைய 300 கி.மீ. வேகம்னு வெச்சா, பலாலியிலேர்ந்து மீனம்பாக்கத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம் கூட ஆகாது.

பிறகு போர். பலாலி ராணுவ வளையத்துக்குள்ள போச்சு. கடல் வழியும் அடைஞ்சது. தனுஷ்கோடியை 1964 புயல் கொண்டுபோன பிறகும் ராமேஸ்வரத்துலேர்ந்து தலைமன்னாருக்கு ஓடின கப்பல், 80-களில் நின்னு போச்சு.

2019 அக்டோபர்ல பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாத் திறந்தது. நவம்பர்ல சென்னைக்கு வழக்கமான சேவை தொடங்குச்சு. 2020 மார்ச்சுல கொரோனா வந்து நிறுத்துச்சு. 2022 டிசம்பர் 12 அன்னைக்கு மறுபடி ஆரம்பம். பயண நேரம்? ஒண்ணேகால், ஒன்றரை மணி.

அதாவது 1947-ல எவ்வளவோ, ஏறக்குறைய அதே. தொழில்நுட்பம் வளர்ந்தா பயண நேரம் குறையும்னு படிச்சிருக்கோம். இங்க நடுவுல அது ரெண்டு நாளா நீண்டு, திரும்ப பழைய இடத்துக்கே வந்திருக்கு. கடல் அகலமாகல, ஊர் தள்ளிப் போகல. தூரத்தைத்தான் இயற்கை முடிவு பண்ணுது. நேரத்தை முடிவு பண்றது மனுஷன்.

திருமுக்கூடல்லேர்ந்து பஸ் மாறி மாறி மீனம்பாக்கம் போய்ச் சேர எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது. அங்கேர்ந்து பலாலி அதைவிடக் கிட்ட. அந்தப் பாட்டிகிட்ட அன்னைக்கு "அப்படியாம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் சேலையை மடிச்சு வெச்சுக்கிட்டு இருந்தேன்.