குடிமல்லம்: சிலையும் ஊர்ப்பெயரும்

திருப்பதி அருகே, ஏர்ப்பேடு வட்டாரத்தில் உள்ளது குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயில். ஏறத்தாழ ஐந்தடி உயர இலிங்கத்தின் முன்புறம், குறளுருவின் தோள்மீது சிவன் நிற்கிறான். ஒரு கையில் ஆட்டுக்கடா; தோளில் மழு; மார்பில் பூணூல் இல்லை. இதனைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டினது என்பாரும் உளர், கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்பாரும் உளர். இவ்வழக்கில் கோயிற் கல்வெட்டுகளைச் சான்றாகக் காட்டுவது பிழை. பல்லவர், பாணர், சோழர் காலத்து அவ்வெழுத்துகள் சிற்பத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

ஆயினும் அவை வேறொன்றை உரைக்கின்றன. குடிமல்லம் என்னும் பெயர் அவற்றில் இல்லை. ஊர் 'திருவிப்பிரம்பேடு' எனப்படுகிறது. 'விப்பிர' அந்தணரைக் குறிக்கும் வடசொல். 'பேடு' ஏர்ப்பேட்டில் இன்றும் வழங்கும் ஈறு. பூணூல் அணியாத சிவனைச் சுற்றி அந்தணர் பெயரால் ஊர் அமைந்தது எப்போது என்பதே காலக்கணிப்பினும் கடினமான வினா.