வரைவிடைப் பொருள்: மண உறுதிக்கும் மணத்திற்கும் இடைப்பட்ட பொருட் பிணக்குகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருமணம் உறுதி செய்யப்பெற்ற நாளுக்கும் திருமண நாளுக்கும் இடைப்பட்ட காலம் இந்தியச் சமூக வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. இக்காலத்தில் பெண்ணும் ஆணும் ஒருவருக்கொருவர் உரியர் எனப் பேசப்பெற்றவர்கள். ஆயினும் கணவன் மனைவியர் ஆகாதவர்கள். இரு வீட்டாரும் உறவினர் என்று அழைக்கப்பெறுபவர்கள். ஆயினும் கணக்குத் தீராதவர்கள். பரிசம், சீர், நகை, விருந்து ஆகியன பற்றிய பேச்சும் பிணக்கும் மிகுதியும் இவ்விடைவெளியிலேயே நிகழ்கின்றன.

இப்பிணக்குகளில் இரு வகைப் பொருள் உண்டு. ஒன்று, ஒரு வீட்டார் மற்றொரு வீட்டார்க்குக் கொடுப்பது. மற்றொன்று, மணவினையின் பொருட்டு இரு வீட்டாரும் செலவிடுவது. முன்னதைக் கொடை என்றும் பின்னதைச் செலவு என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இவற்றைப் பற்றிப் பேசும் உரிமை காலந்தோறும் யாரிடம் இருந்தது, பிணக்கைத் தீர்க்க எழுந்த விதிகள் எதனைத் தொட்டன, எதனைத் தொடாது விட்டன என்பன இங்கு ஆராயப்பெறுகின்றன.

அக இலக்கியத்தில் வரைபொருள்

தமிழ் அகப்பொருள் மரபு இவ்விடைவெளியை ஒரு துறையாகவே வகுத்துள்ளது. மணத்தை இடையில் நிறுத்திவைத்து, அதற்கு வேண்டிய பொருளை ஈட்டுதற்குத் தலைவன் பிரிந்து செல்வதை ‘வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல்’ என நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் பெயரிடுகிறது. திருக்கோவையாரில் ‘வரைபொருட் பிரிதல்’ ஓர் அதிகாரமாக அமைந்து, அதனை அடுத்தே ‘மணஞ்சிறப்புரைத்தல்’ வருகிறது. பொருளின்றி மணம் கூடாது என்பது இவ்வைப்பு முறையின் உட்கிடை. மணம் நீட்டிக்கும்போது தலைவி ஆற்றாள் ஆதலும் தோழி வரைவு கடாதலும் புலவர்களுக்குப் பாடுபொருளாயின. ஆனால் எவ்வளவு பொருள், யாருக்கு, எதற்காக என்று தலைவியும் தலைவனும் தமக்குள் பேசுவது இத்துறையின் இயல்பன்று.

அகநானூற்றின் 280ஆம் பாடல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அம்மூவனார் பாடிய இந்நெய்தற் பாட்டில், கலம் நிறையப் பொருள் கொடுப்பினும் பெறுதற்கு அரியவள் தலைவி என்பதைத் தலைவன் உணர்கிறான். தன் ஊரை விட்டுப் பெயர்ந்து அவள் தந்தையோடு தங்கி, உப்பளத்தில் உழைத்தும் கடலில் புணையோடு சென்றும் பணிந்து நடந்தால் அவன் மகளைத் தருவானோ என்று தன் நெஞ்சோடு எண்ணுகிறான். பொருளுக்கு ஈடாக உழைப்பை வைக்கும் வழக்கத்தின் சாயல் இதில் புலனாகிறது. கொடுப்பவன் தந்தை, பெறுபவன் தலைவன், தலைவியின் விருப்பம் இக்கணக்கிற்குப் புறத்தே நிற்கிறது.

இதற்கு மாறாக, மணவினையை விரித்துக் கூறும் அகநானூற்றுப் பாடல்களான 86, 136 ஆகிய இரண்டும் பரிசத்தைக் குறிப்பிடவில்லை. முன்னதில் உழுந்துக் களியும், பின்னதில் இறைச்சியோடு நெய் பெய்த வெண்சோறும் விருந்தாகின்றன. அப்பாடல்களில் விருந்து உண்டு, விலை இல்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் யானைமேல் அமர்ந்த மகளிர் கோவலன் கண்ணகி திருமணத்தை நகருக்கு அறிவிக்கின்றனர். வணிகக் குடியின் செல்வநிலை அங்குச் செலவின் வழியாகவே ஊரார்க்குத் தெரிவிக்கப்பெறுகிறது. கொடை இரு வீட்டார்க்கு இடையிலானது என்பதும், செலவு ஊரை நோக்கியது என்பதும் இவற்றால் பெறப்படும் வேறுபாடாகும்.

உரைமரபில் பரிசம்

வடநூலார் கூறும் எண்வகை மணங்களுள் ஆசுரம் என்பதற்கு மனுநூல் தரும் பொருள், பெண்ணின் உறவினர்க்கும் பெண்ணுக்கும் பொருள் கொடுத்துக் கொள்ளுதல் என்பதாகும். தமிழ் உரைமரபு இதற்கு வேறு விளக்கம் தருகிறது. கொல்லேறு தழுவுதல், வில்லேற்றுதல், திரிபன்றி எய்தல் முதலிய ஆற்றல் செயல்களால் பெண்ணைப் பெறுதலே ஆசுரம் என்பது உரையாசிரியர் கூற்று. வடநூலில் பொருள் நின்ற இடத்தில் தமிழுரை வீரத்தை வைத்துள்ளது. பரிசம் பற்றிய குறிப்போ பிரசாபத்திய விளக்கத்தில் வருகிறது. மணமகன் வீட்டார் கொடுத்த பரிசத்தைப்போல் இருமடங்கைத் தம் மகளுக்கு ஈந்து கொடுத்தல் என்பது அவ்விளக்கம். பரிசம் தந்தையின் கையில் தங்காமல் மகளின் உடைமையாகப் பெருகிச் செல்லவேண்டும் என்னும் கருத்து இங்கு நோக்கத்தக்கது. பெண்ணை விற்றல் என்னும் பழிக்கு அஞ்சிய ஒரு சமூகம் பரிசத்தை நியாயப்படுத்திய முறை இது எனலாம்.

விரிஞ்சிபுரம் கல்வெட்டு

இப்பழியுணர்வு கல்லில் விதியாகப் பொறிக்கப்பெற்ற சான்று வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ளது. விசயநகர வேந்தன் வீரப்பிரதாப தேவராயன் காலத்தில், சக ஆண்டு 1347 சென்ற விசுவாவசு ஆண்டில் (கி.பி. 1425-26) எழுதப்பெற்ற இக்கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஊல்சு அவர்களால் பதிப்பிக்கப்பெற்றது. படைவீட்டு இராச்சியத்தைச் சேர்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, இலாட அந்தணர்கள் கூடிச் செய்த உடன்படிக்கையை இது தெரிவிக்கிறது. இனித் தம் குடும்பங்களில் திருமணம் கன்னிகாதானமாகவே நிகழவேண்டும். பொன் பெற்றுப் பெண் கொடுக்கும் தந்தையும், பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்கிற்கும் உரியர் என்பது அதன் சாரம்.

இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, விலக்க வேண்டிய அளவிற்குப் பெண்ணுக்குப் பொன் பெறும் வழக்கம் அந்தணரிடையேயும் பரவியிருந்தது. இரண்டாவது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருங்கே குற்றவாளிகளாகக் கருதப்பெற்றனர். மூன்றாவது, உடன்படிக்கையில் ஒப்பமிட்டோர் நான்கு மொழிப் பிரிவுகளின் சார்பாளர்களே. மணக்கவிருக்கும் எவரும் அதில் பேசவில்லை. விருந்து, பந்தல், ஊர்வலம் ஆகிய செலவுகளைப் பற்றி அவ்வுடன்படிக்கை விதி செய்யவில்லை.

பரிச வழக்கம் இதனால் மறைந்துவிடவில்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்சுடனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் நூல், பல சமூகங்களில் பரிசம் வழங்கிவந்ததைப் பதிவு செய்துள்ளது. நகரத்தார் சமூகத்தில் திருமணத்தின்போது எழுதப்பெறும் இசைகுடிமானம் என்னும் ஆவணமும் இத்தொடர்பில் கருதத்தக்கது. வாய்ச்சொல்லை எழுத்தாக்கிப் பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும் வணிகக் குடியின் முன்னெச்சரிக்கை அதில் தெரிகிறது.

நீதிமன்றமும் ஒப்பந்தமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பிணக்குகள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கடந்து நீதிமன்றத்தை அடைந்தன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவில், பொதுநலக் கொள்கைக்கு முரணான நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்று வகுத்தது. பெண்ணைத் தருவதற்காகத் தந்தைக்குப் பணம் தருவதாகச் செய்யும் ஒப்பந்தம் இவ்விதிக்குள் அடங்குமா என்பதில் தீர்ப்புகள் வேறுபட்டன. 1890இல் வெளியான சென்னைத் தீர்ப்பொன்று அத்தகைய ஒப்பந்தத்தை ஏற்றது. 1908இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அதனை மறுத்து, அத்தகைய ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்று தீர்மானித்தது. விரிஞ்சிபுரத்தில் தருமத்தின் பெயரால் விலக்கப்பெற்றது, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பொதுநலக் கொள்கையின் பெயரால் விலக்கப்பெற்றது.

மண உறுதியை முறித்தவரை மணம் செய்யுமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்னும் நிலைப்பாடும் இக்காலத்தில் உறுதிப்பட்டது. இழப்பீடு கேட்கலாம், மணத்தைக் கேட்க முடியாது. இதனால் முறிந்த மண உறுதி என்பது சட்டத்தின் பார்வையில் பெரிதும் ஒரு பணக்கணக்காக மாறியது.

வங்கத்தில் எழுந்த இரு குரல்கள்

நீதிமன்றங்கள் பெண்ணின் விலையைப் பற்றி வழக்காடிய அதே காலத்தில், ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் பெற்ற மணமகனுக்கு விலை உயர்ந்துகொண்டிருந்தது. பொருள் செல்லும் திசை மாறியது. இம்மாற்றத்தை வங்க இலக்கியம் கூர்மையாகப் பதிவு செய்தது. இரவீந்திரநாத் தாகூர் 1891இல் எழுதிய ‘தேனா பாவ்னா’ என்னும் சிறுகதையில், மணநாளன்று பேசிய தொகை முழுமையாக வந்து சேரவில்லை. மணமகனின் தந்தை மணத்தை நிறுத்த முற்படுகிறார். அப்போது மணமகன், வாங்கல் விற்றல் பேச்சு தனக்குத் தெரியாது என்றும், மணம் செய்ய வந்ததால் செய்துகொண்டே செல்வதாகவும் கூறுகிறான். ஆயினும் பாக்கித் தொகை மருமகளைத் தொடர்கிறது. அவள் புகுந்த வீட்டில் நலிந்து மாய்கிறாள். அவள் உயிரோடிருந்தபோது தொகைக்காக வாதிட்ட வீடு, அவளுடைய ஈமச்சடங்கைப் பெருஞ்செலவில் நடத்துகிறது. கொடையில் கண்டிப்பும் செலவில் தாராளமும் ஒரே வீட்டின் இரு முகங்கள் என்பதைக் கதை உணர்த்துகிறது.

1914ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் சினேகலதா என்னும் இளம்பெண், தன் திருமணத்திற்கான வரதட்சணைக்காகத் தந்தை வீட்டை அடகு வைக்க முற்பட்டதை அறிந்து தீக்குளித்து இறந்தாள். அவள் தந்தைக்கு எழுதியதாகக் கூறப்பெற்ற கடிதம் இதழ்களில் வெளிவந்து நாடெங்கும் அதிர்ச்சியை விளைவித்தது. மணப்பேச்சின் பொருட்கணக்கில் மணப்பெண்ணின் மறுப்பு பொதுவெளியில் பரவலாகக் கேட்கப்பெற்ற நிகழ்ச்சி இது. அம்மறுப்பு உயிரை விலையாகக் கொடுத்த பின்னரே கேட்கப்பெற்றது என்பது வரலாற்றின் கொடுமை.

அதே ஆண்டில் தாகூர் எழுதிய ‘அபரிசிதா’ என்னும் கதையில், மணமகனின் மாமன் பொற்கொல்லனை அழைத்துவந்து பெண்ணின் நகைகளை மணத்திற்குமுன் சோதிக்கச் செய்கிறார். நகைகள் தரமானவையாகவே உள்ளன. மணமகன் வீட்டார் பெண்ணுக்கு அளித்திருந்த காதணியே மாற்றுக் குறைந்தது என்று வெளிப்படுகிறது. பெண்ணின் தந்தை, வந்தவர்க்கு முறைப்படி விருந்தளித்து, மணம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார். படித்த மணமகனோ வாய் திறவாது அமர்ந்திருக்கிறான். முதற்கதையின் மணமகன் பேசியும் பயனில்லை. இரண்டாம் கதையின் மணமகன் பேசாமையே மணத்தை முறிக்கிறது.

செலவைத் தொட்ட இயக்கம்

மேற்கண்ட விதிகளும் தீர்ப்புகளும் கொடையையே நோக்கின. செலவை நேரடியாகக் கேள்விக்கு உட்படுத்தியது தமிழகத்தின் சுயமரியாதை இயக்கமாகும். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடைபெற்ற திருமணம் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்பெறுகிறது. புரோகிதரையும் சடங்கையும் நீக்கிய இம்முறை, பலநாள் விழாவைச் சில மணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்கியது. சிக்கனம் ஒரு கொள்கையாகவே பரப்பப்பெற்றது.

1967இல் அண்ணா ஆட்சியில் இயற்றப்பெற்ற திருத்தத்தின் வழியே இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்க்கப்பெற்று, இத்திருமணங்கள் சட்ட ஏற்புப் பெற்றன. மணமக்கள் தாமறிந்த மொழியில் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறுவதே இங்கு மணத்தை முடிக்கப் போதுமானது. மணமக்களின் சொல்லுக்கே சட்டம் இடமளித்த இந்நிலையிலும், செலவைச் சுருக்குவது அவரவர் விருப்பமாகவே நின்றது. அது சட்டக் கடமை ஆகவில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டியலும்

சிந்து மாகாணத்தின் 1939ஆம் ஆண்டுத் ‘தேத்தி-லேத்தி’ சட்டம், பீகாரின் 1950ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திரத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றைத் தொடர்ந்து, நாடு தழுவிய வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பெற்றது. எது வரதட்சணை, எது அன்பளிப்பு என்னும் வினாவில் மக்களவையும் மாநிலங்களவையும் உடன்பட இயலாமையால், 1961 மே 6, 9 ஆகிய நாள்களில் இரு அவைகளும் கூட்டாகக் கூடின. இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் சட்டமுன்வரைவு ஒன்றிற்காக நடைபெற்ற முதற் கூட்டமர்வு இதுவே.

விரிஞ்சிபுர உடன்படிக்கையைப் போன்றே இச்சட்டமும் கொடுப்பவரையும் பெறுபவரையும் ஒருங்கே குற்றத்திற்கு உள்ளாக்கியது. இதனால் பாதிக்கப்பெற்ற பெண்வீட்டார் வாய் திறக்க அஞ்சினர். 1980களில் செய்யப்பெற்ற திருத்தங்கள், பாதிக்கப்பெற்றவர் தரும் வாக்குமூலத்தைக் கொண்டே அவர்மீது வழக்குத் தொடர்தல் ஆகாது என்று வகுத்தன. ‘திருமணத்திற்குக் கைம்மாறாக’ என்றிருந்த வரையறை 1984இல் ‘திருமணம் தொடர்பாக’ என விரிவாக்கப்பெற்றது. எனினும் மண்டபம், விருந்து, அலங்காரம் ஆகியவற்றின் செலவு அவ்வரையறையில் பெயர் சுட்டி இடம்பெறவில்லை. உணவுத் தட்டுப்பாட்டையும் வீண்செலவையும் கருதி விருந்தினர் எண்ணிக்கையை வரையறுக்கும் ஆணைகளைச் சில மாநிலங்கள் அவ்வப்போது பிறப்பித்தன. 2017இல் சம்மு காசுமீர் அரசு, மகள் திருமணத்திற்கு 500 பேர் என்றும் மகன் திருமணத்திற்கு 400 பேர் என்றும் வரம்பு குறித்தது இதற்குச் சான்று.

1985ஆம் ஆண்டின் விதிகள் வேறொரு வகையில் முக்கியமானவை. திருமணத்தின்போது வழங்கப்பெறும் அன்பளிப்புகளுக்கு மணமகள் ஒரு பட்டியலும் மணமகன் ஒரு பட்டியலும் வைத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு பொருளின் விவரமும் ஏறத்தாழ மதிப்பும் கொடுத்தவர் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். பட்டியலில் மணமக்கள் இருவரும் ஒப்பமிட வேண்டும். தமிழகத்தின் பல சமூகங்களில் மொய்க்கணக்கு எழுதாத திருமணம் அரிது. இப்பட்டியல் எழுதப்பெறும் திருமணமும் அரிதே. மொய்க்கணக்கு வீட்டிற்கு உரியது, திருப்பிச் செலுத்த வேண்டிய கடனை நினைவூட்டுவது. சட்டப் பட்டியலோ மணமக்களுக்கு உரியது, பிற்காலத்தில் பெண்ணின் உடைமையைக் காப்பது.

முடிவுரை

மண உறுதிக்குப்பின் எழும் பொருட் பிணக்கு புதுக்காலத்தின் விளைவு அன்று. அகப்பொருள் மரபே அதற்கு ஓர் இடம் ஒதுக்கியுள்ளது. அதனைத் தீர்க்க எழுந்த உடன்படிக்கையும் தீர்ப்பும் சட்டமும் கொடையையே இலக்காகக் கொண்டன. விலக்கப்பெற்ற கொடை பெரிதும் திசை மாறியது அல்லது அன்பளிப்பு என்னும் பெயர் பூண்டது. ஊரை நோக்கிய செலவோ பெரும்பாலும் விதிகளுக்கு அப்பால் வளர்ந்தது.

1425-26இல் கல்லில் ஒப்பமிட்டவர் பெரியோர். 1985இன் தாளில் ஒப்பமிட வேண்டியவர் மணமக்கள். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விடைவெளியில் நிகழ்ந்த உண்மையான மாற்றம் இதுவே. பொருள் பற்றிய வினாவைத் திருமணத்திற்குமுன் மணமக்கள் இருவரும் தாமே எழுப்புவதும், கருத்து வேறுபடுவதும், உடன்பாடு காண்பதும் உறவிற்கு இழுக்கு என்று கருதும் மனநிலை இன்றும் உண்டு. அப்பேச்சு நிகழாத இடங்களில் யார் பேசினர், அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதற்குச் சினேகலதாவின் முடிவே சான்றாக நிற்கிறது.